இரண்டாம் தட்டு

அல் நஹ்தாவில் இருபத்து மூன்றாம் மாடி.
லிஃப்டின் கதவுச் சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
குப்பை அறை வாசலில் ஒரு வாழைப்பழப் பெட்டி,
உள்ளே நாற்பத்தோரு தட்டுகள்.
வீடு காலி செய்த யாரோ.
"லே ஜாவ் பாய்" என்றான் நாத்தூர்.

ப்ளேயர் இல்லாமல் நான்கு மாதம்
தட்டுகளை மட்டும் வைத்திருந்தேன்.
குழல்விளக்கில் சாய்த்துப் பார்ப்பேன்:
பளபளப்பு நொறுங்கிக் கிடந்தால் அங்கே தாளம்.
வழவழவென்று கறுத்திருந்தால்
தாளம் விலகிக்கொண்ட இடம்.
கேட்காத பாட்டின் வயிறு எங்கே, இடுப்பு எங்கே
என்பதுவரை தெரிந்திருந்தது.

மேல்கட்டில் குரூஸ் கேட்டான்:
"அடுப்பே இல்லாத ரூமுல
இத்தனை தோசைக்கல்லு எதுக்குடே?"

ரோலாவில் பழைய சாமான் கடை, முந்நூற்று இருபது திர்ஹம்.
அந்த மாதம் வீட்டுக்கு
ஓவர்டைம் இல்லை என்று சொன்னேன்.

ட்ரான்ஸ் என்றால் லிஃப்ட்காரனுக்கு விளக்க வேண்டாம்.
எடை ஏற ஏற மோட்டாரின் குரல் மாறும்,
மாடிக்கு மாடி ஒரு விளக்கு,
பிறகு எங்கோ நடுவில் எல்லாம் நின்று
கதவு திறக்கும்வரை
ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

நாற்பத்தோன்றில் ஒன்று இரட்டை உறை.
இரண்டு பைகள், ஒரே தட்டு.
'முதல் பாகம்', பதினோரு நிமிடம்.
கடைசியில் டிரம் விழுந்துவிடும்,
ஒரு பெண் மூச்சை உள்ளே இழுப்பாள்,
அவ்வளவுதான்.
ஊசி நடுவட்டத்துக்குப் போய்
டிக், டிக், டிக்.
அவள் அந்த மூச்சை எங்கே விட்டாள்?

சத்வாவில் விட்டாள்.
டி-ஷர்ட்டில் படம் அழுத்தும் ரோடெலின் அறையில்,
அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில்.
அவனிடம் இரண்டாம் தட்டு மட்டும்.
முதலாவதின் மேல்
செபூவில் மைத்துனன் உட்கார்ந்துவிட்டானாம்.

எண்பது தருகிறேன் என்றேன்.
உன்னுடையதற்கு நூற்றைம்பது என்றான்.
இருவரும் கொடுக்கவில்லை.

ஆகவே வெள்ளிதோறும் பஸ்.
ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன்.
வெயில் பட்டால் அப்பளம்.
அவன் ப்ளேயரில் முதலில் என்னுடையது.
அவள் மூச்சை இழுத்ததும்
ஊசியைத் தூக்கி, தட்டை மாற்றி, தூசி ஊதி,
மறுபடி இறக்க ஒன்பது நொடி.
அந்த ஒன்பது நொடியில் ஏசி சொட்டும்.
நாங்கள் பேசியதில்லை, அதற்குள்.
பிறகு டிரம் திரும்பி வரும்போது
ரோடெல் என்னைப் பார்க்காமல் தலையாட்டுவான்,
கடன் வசூலானவன் மாதிரி.

பத்தொன்பது வெள்ளிகள்.
ஜூனில் கடையை மூடினார்கள்.
விசா கேன்சல், கார்கோ பெட்டி, டேப்.
கடைசி நாள் கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.
அவசரத்தில் ஆளுக்கொரு உறை, ஆளுக்கொரு தட்டு,
தோளில் ஒரு தட்டு, போனான்.

ஷார்ஜா வந்து உறையைச் சாய்க்கிறேன்:
'இரண்டாம் பாகம்.'
என்னுடையது ஜெபல் அலியில்
ஏதோ கண்டெய்னரில் வெந்துகொண்டிருக்கும்.
செய்தி அனுப்பினேன்: உன்னுடையது என்னிடம்.
சிரிப்பு பொம்மை ஒன்று வந்தது.
என்னுடையதற்கு என்ன விலை என்றேன்.
இரண்டு நாள் கழித்து பதில்: நூற்றைம்பது.

இரவு ஒரு மணி. ஆறு பேர் தூக்கம்.
ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுத் தட்டை மட்டும் சுழலவிட்டால்
ஊசியே பாடும்,
தகர டப்பாவுக்குள் சிக்கிய ஏதோ பூச்சியாய்.
காதைக் கிட்டே வைக்க வேண்டும்.
ஆனால் முதலில் பதினோரு நிமிடம்
கட்டில் இரும்பில் விரலால் தட்டுகிறேன்,
எங்கும் அவசரப்படாமல்.
மூச்சை இழுக்கிறேன்.
ஒன்பது எண்ணுகிறேன்.
இறக்குகிறேன்.

மேலிருந்து குரூஸ்:
"லே, கொசு.
அடிச்சித் தொலை."